பாடல் பெற்ற அணிகளும் வைப்பு அணிகளும்

கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகளின் தலைமாட்டில் அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு, அப்படியே சாமியையும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தேவாரம் படித்தவர்களுக்கு இந்தக் கோயிலைப் பற்றி இன்னொரு செய்தியும் தெரியும். இது பாடல் பெற்ற தலம் அல்ல, வைப்புத் தலம். தேவாரம் பாடிய மூவரில் ஒருவர் தனிப் பதிகம் பாடியிருந்தால் அந்த ஊர் பாடல் பெற்ற தலம். வேறு ஏதோ பதிகத்துக்குள் போகிற போக்கில் பெயர் மட்டும் விழுந்திருந்தால் வைப்புத் தலம். உள்ளே இருப்பது அதே சிவன்தான். பிற்காலத்தில் அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் என்று நூறு பாடல் பாடிவைத்தார். ஆனாலும் முதல் பட்டியலில் விட்டுப்போனது விட்டுப்போனதுதான். நூறு பாட்டாலும் அந்தக் கோயிலை மேல் வகைக்கு ஏற்ற முடியவில்லை.

கல்லூரி அணிகளின் விளையாட்டைப் பற்றி எழுத வந்தவன் கோயில் வாசலில் ஏன் நிற்கிறேன் என்று கேட்கலாம். ஓர் அணியைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பதை ஊடகம் எப்படி வடிக்கிறது என்று தேடிப்போனால், இந்த இரு வகைப் பிரிவை விடப் பொருத்தமான சொல் எனக்கு அகப்படவில்லை. ஊடகத்தின் பலம் புகழ்ச்சியிலோ இகழ்ச்சியிலோ இல்லை, யாரைப் பட்டியலில் வைப்பது என்பதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மலையின் இன்னொரு புகழையே எடுத்துக்கொள்வோம். கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் ஒரு காட்சியைத் தருகிறார். பசியோடு காட்டுவழி வந்த பாணர் கூட்டம் ஒரு வேட்டுவனைப் பார்க்கிறது. அவன் எய்த அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. யாரென்று தெரியாமலே வாத்தியங்களை இசைத்துப் பாடுகிறார்கள். பாட்டில் தன் பெயரே வந்தபோது அவன் கூச்சப்படுகிறான். பிறகு இறைச்சியும் மதுவும் பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். ஒரே அம்பு, ஐந்து விலங்கு. நடக்குமா நடக்காதா என்று வில்லாளிகள் வாதாடட்டும். ‘வல்வில்’ என்ற அடைமொழி ஓரியின் பெயரோடு ஒட்டிக்கொண்டது, இன்றுவரை உதிரவில்லை.

இதில் பரிசிலை மட்டும் பார்த்துவிட்டு ‘காசு வாங்கிக்கொண்டு பாடினார்கள்’ என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் கணக்கு இடிக்கிறது. 204ஆம் பாட்டில் ஓரியிடம் கழைதின் யானையார் பேசுவது கேட்டதைப் பெறாமல் திரும்புகிறவரின் குரலாகவே படுகிறது. ஆனாலும் ஓரியை நொந்துகொள்ளாமல் தன் நேரத்தையும் சகுனத்தையும்தான் நொந்துகொள்கிறார். மறுபக்கம் பெருஞ்சேரல் இரும்பொறை இருக்கிறான். ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரர் கையில் கொடுத்ததை அகநானூற்றின் 209ஆம் பாட்டு சொல்கிறது. கொல்லியையும் தகடூரையும் வென்ற இந்தச் சேரனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில் கிழார் பாடினார். அதற்கு ஒன்பது நூறாயிரம் காணமும் அரசுக் கட்டிலும் பரிசிலாகத் தரப்பட்டன என்கிறது அந்தப் பத்தின் பதிகம். சங்கப் புலவர் பெற்ற பரிசில்களிலேயே பெரியவற்றுள் இது ஒன்று. ஆனால் தெருவில் நிறுத்தி யாரையாவது கேட்டுப் பாருங்கள்: ஓரியைத் தெரியும், சேரனைத் தெரியாது.

காரணம் கவிதையின் தரம் இல்லை. சிறுபாணாற்றுப்படையும் பெருஞ்சித்திரனாரின் புறப்பாட்டும் ஏழு வள்ளல்களை வரிசைப்படுத்தின. அந்த வரிசையில் ஓரி இருக்கிறான், அவனைக் கொன்ற காரியும் இருக்கிறான், சேரன் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது வரிசையைத்தான். தோற்றவனுக்கும் வரிசையில் இடமிருந்தால் ஆயுள் நீளும். வென்றவனுக்கு அந்த இடம் இல்லாவிட்டால் தமிழ் எம்.ஏ. வகுப்போடு அவன் கதை முடிந்துவிடும்.

வரிசைப்படுத்துவதையே தொழிலாக்கிய ஓர் ஊடக உலகம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே ‘கல்லூரி ஃபுட்பால்’ என்றால் நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், தலைக்கவசம் மாட்டிய ஆட்கள் அவனை மோதி வீழ்த்துவதுமான ஆட்டம். நூற்றுக்கும் மேற்பட்ட பெரிய பல்கலைக்கழக அணிகள் ஆடும். ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் ஏறத்தாழ ஒரு டஜன் ஆட்டம் ஆடும் என்பதால், எல்லோரும் எல்லோரோடும் மோதிப் பார்த்து யார் முதல் என்று முடிவுசெய்ய வழியே கிடையாது. அந்த இடைவெளியில்தான் பத்திரிகை புகுந்தது. 1936இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விளையாட்டு எழுத்தாளர்களிடம் வாக்குக் கேட்டு வாரந்தோறும் தரவரிசை வெளியிடத் தொடங்கியது. அதைத் தொடங்கிவைத்த ஆசிரியர் ஆலன் கூல்டு பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னதன் சாரம் இதுதான்: இரண்டு சனிக்கிழமைகளுக்கு நடுவில் வாசகர் பேசுவதற்கும் சண்டை போடுவதற்கும் ஏதாவது வேண்டியிருந்தது. பக்கத்தை நிரப்பப் பிறந்த பட்டியல் சில ஆண்டுகளில் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பட்டியலாகிவிட்டது.

இந்தப் பட்டியலின் முதல் பதிப்பு பருவம் தொடங்கும் முன்பே, ஒரு பந்தும் வீசப்படாத நிலையிலேயே வந்துவிடும். 2004ஐப் பாருங்கள். அந்த ஆண்டின் தொடக்கப் பட்டியலில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் முதலிடம், ஓக்லஹோமா இரண்டாமிடம், அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பதினேழாமிடம். இறுதிப் போட்டி வரை மூன்று அணிகளும் தோற்கவே இல்லை. மேலே இருந்த இருவர் தோற்றால்தான் கீழே இருப்பவர் ஏற இடம் உண்டு. அவர்கள் தோற்கவில்லை, ஆபர்ன் மூன்றாமிடத்தோடு நின்றது. ஆபர்ன் எளிய எதிரணிகளோடு ஆடியது என்று ஒரு காரணமும் சொல்லப்பட்டது. இறுதிப் போட்டிக்கு முதல் இருவரும் போனார்கள். தென் கலிபோர்னியா 55-19 என்று ஓக்லஹோமாவைத் துவைத்து எடுத்தது. ஆபர்ன் தன் 13 ஆட்டத்தையும் வென்றுவிட்டு வீட்டுக்குப் போனது. பதினேழு என்று ஆகஸ்டில் விழுந்த எண் ஜனவரி வரை அதன் காலைப் பிடித்து இழுத்தது என்றே இன்றும் அந்த ஊர் ரசிகர்கள் பேசுகிறார்கள். அறப்பளீசுவரருக்கு நூறு பாட்டு வந்தும் வகை மாறாத கதைதான்.

அன்றைய இறுதிப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் அசோசியேட்டட் பிரஸ் பட்டியலுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை இருந்தது. 2004 டிசம்பரில் அந்த நிறுவனமே எழுந்து, எங்கள் பட்டியலை இனிமேல் உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. செய்தியைச் சொல்ல வேண்டியவன் செய்தியை உண்டாக்குகிறான் என்ற குற்றச்சாட்டு அவர்களுக்கே உறுத்தியிருக்கிறது. எனக்குத் தெரிந்து ஊடகம் தன் அதிகாரத்தில் ஒரு பகுதியைத் தானே கழற்றி வைத்த அபூர்வமான சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

தொலைக்காட்சி அப்படிக் கழற்றி வைக்கவில்லை. 1984 வரை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், எந்த அணி எத்தனை முறை திரையில் தோன்றலாம் என்று கட்டுப்படுத்தி வைத்திருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன; உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை 7-2 என்று உடைத்தது. அதன்பிறகு பார்வையாளர் நிறைந்த அணி மேலும் மேலும் காட்டப்பட்டது. காட்டப்பட்டதால் அதற்குப் பார்வையாளர் மேலும் பெருகினர். அணிகள் வட்டாரவாரியாகச் சேர்ந்து ஆடும் குழுக்களையே ஒளிபரப்புப் பணம் கலைத்துப் போட்டது. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு 2024 முதல் ஆடுவது அட்லாண்டிக் கரைக் குழுவில். நாகப்பட்டினத்து அணியைக் கொண்டுபோய் கோழிக்கோட்டுக் கடற்கரை லீகில் சேர்த்தது போல.

இதெல்லாம் நிறுவனங்களின் கதை. பார்க்கிறவன் கண்ணுக்குள் என்ன நடக்கிறது? அதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. கல்லூரி ஃபுட்பாலை வைத்தே செய்தது. 1951 நவம்பர் 23இல் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் பல்கலைக்கழகங்கள் மோதின. பிரின்ஸ்டனின் நட்சத்திரம் டிக் காஸ்மையர் சில நாள் முன்புதான் ‘டைம்’ இதழின் அட்டையில் வந்திருந்தார். ஆட்டத்தில் அவர் மூக்கு உடைந்து வெளியேறினார். பிறகு டார்ட்மவுத் வீரர் ஒருவரின் கால் முறிந்தது. பிரின்ஸ்டன் 13-0 என்று வென்றது. மறுவாரம் பிரின்ஸ்டன் மாணவர் இதழ், டார்ட்மவுத் வேண்டுமென்றே நட்சத்திரத்தைக் குறிவைத்தது என்று கொதித்தது. டார்ட்மவுத் இதழோ, தங்கள் ஆள் அடிபட்டதை அழுகுணித்தனம் செய்யும் பிரின்ஸ்டன்காரர்கள் பேசவே இல்லை என்று திருப்பி அடித்தது.

ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் இரு கல்லூரி மாணவர்களுக்கும் அதே ஆட்டத்தின் படச்சுருளைப் போட்டுக்காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த மீறல் சராசரியாக 4.3 என்று டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணினார்கள். பிரின்ஸ்டன் மாணவர்கள் அதே படச்சுருளில் எண்ணியது 9.8. பிரின்ஸ்டன் அணியின் மீறல்களை எண்ணும்போது மட்டும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒத்துப்போயின. யாரும் பொய் சொல்லவில்லை என்பதே 1954இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் சுவை. ‘வெளியே’ தனியாக ஓர் ஆட்டம் இருந்து, அதை மனிதர்கள் பலவிதமாகப் பார்த்தார்கள் என்பதே சரியில்லை, ஆளுக்கு ஓர் ஆட்டம் நடந்தது என்கிற அளவுக்கு அவர்கள் போனார்கள். ஆகவே வெறும் பத்திரிகையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மாணவர் இதழ் எழுதியது பற்றவைத்த தீ. விறகு ஏற்கெனவே கல்லூரி முற்றத்தில் அடுக்கியிருந்தது.

விறகே இல்லாத இடத்திலும் தீ தெரிந்ததற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 1941இல் நியூயார்க்கின் பங்குச் சந்தைத் தரகர் மோரிஸ் நியூபர்கர் தன் நண்பர்களோடு சேர்ந்து பத்திரிகை அலுவலகங்களுக்குச் சனிக்கிழமைதோறும் தொலைபேசியில் ஸ்கோர் சொல்லத் தொடங்கினார். அணியின் பெயர் பிளெயின்ஃபீல்டு ஆசிரியர் கல்லூரி, நியூ ஜெர்சி. அப்படி ஒரு கல்லூரியே கிடையாது. ஆனால் நியூயார்க் டைம்ஸ் உட்படப் பெரிய நாளேடுகள் அதன் வெற்றிகளை அச்சிட்டன. ஜானி சுங் என்று ஒரு சீன வம்சாவளி நட்சத்திர வீரரையும், இடைவேளையில் அவர் சோறு சாப்பிட்டுத் தெம்பு ஏற்றுவதையும்கூடத் தரகர் இட்டுக்கட்டினார். வாராவாரம் வெற்றி. நவம்பரில் குட்டு உடைந்தது. அதற்குள் தரகர் கடைசிச் செய்திக்குறிப்பு ஒன்றை அனுப்பியிருந்தார்: ஜானி சுங் முதலான வீரர்கள் தேர்வில் தேறாததால் மீதி ஆட்டங்கள் ரத்து!

இல்லாத அணிக்கு இப்படிப் பாட்டுக் கிடைத்தது. இருக்கிற அணிக்குப் பாட்டு இல்லாத கதைக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை.

2018 பிப்ரவரியில் ஒடிசாவின் கட்டாக்கில் தேசிய மகளிர் கால்பந்துச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். பெரும்பாலான ஆண்டுகளில் கோப்பையை வைத்திருந்த மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாட்டுப் பெண்கள் முதல்முறையாக வென்றார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் லூதியானாவில் இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டம். மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. காரியாபட்டியில் உள்ள சேது பொறியியல் கல்லூரியை ஒட்டி வளர்ந்த அணி அது. நம் ஊரில் ‘கல்லூரி அணி’ என்ற சொல்லுக்கு இவ்வளவு தூரம் போன எடுத்துக்காட்டு அபூர்வம். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இரண்டு அணியிலும் ஆடியவர், இந்திய அணிக்கும் ஆடியவர்.

அதே 2019 அக்டோபர் 25, தீபாவளியை ஒட்டி ‘பிகில்’ வெளியானது. அட்லி இயக்கம், விஜய் கதாநாயகன். தமிழ்நாட்டு மகளிர் கால்பந்து அணி ஒன்று தேசியக் கோப்பைக்கு மோதுவதுதான் கதையின் முதுகெலும்பு. அந்தக் கற்பனை அணிக்குத் திரையரங்கில் பறந்த விசில், அதற்கு ஐந்து மாதம் முன்பு உண்மையாகவே இந்தியக் கோப்பையைத் தூக்கிய பெண்களுக்கு எங்கும் பறக்கவில்லை. படத்தை நான் குறை சொல்லவில்லை. பெண்கள் கால்பந்து ஆடுவார்கள் என்ற எண்ணத்தையே பல வீட்டுக் கூடங்களுக்கு அதுதான் முதலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் சங்கடமான ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: படம் முடிந்து வெளியே வந்தவர்களில் எத்தனை பேர், ‘அப்படியா, நிஜத்தில் நம் அணி ஜெயித்திருக்கிறதா?’ என்று தேடினார்கள்? திரைக் கேப்டனின் பெயர் தெரியும், களத்துக் கேப்டனின் பெயர் தெரியாது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு இரண்டாவது முறை தேசியக் கோப்பையைப் பிடித்தது. அதுவும் வைப்பு அணியாகவே நகர்ந்துபோனது.

1963இலேயே பெர்னார்டு கோஹன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் ஒன்றைக் கவனித்தார்: மக்கள் என்ன எண்ண வேண்டும் என்று சொல்வதில் பத்திரிகை பெரும்பாலும் தோற்றுப்போகிறது, எதைப் பற்றி எண்ண வேண்டும் என்று சொல்வதில் அபாரமாக வெல்கிறது. 1968 தேர்தலின்போது சாப்பல் ஹில் என்ற ஊரில், இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் மெக்கூம்ஸ், ஷா என்ற இரு ஆய்வாளர்கள் பேட்டி கண்டு, செய்தி முக்கியம் என்றதும் வாக்காளர் முக்கியம் என்றதும் ஒத்துப்போவதைக் காட்டினார்கள். விளையாட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். கொல்லிமலை ஏறும் பேருந்தில் மெஸ்ஸியின் பத்தாம் எண் சட்டை போட்ட பையனைப் பார்த்தால் நமக்கு ஆச்சரியமில்லை. மெஸ்ஸி பிறந்த ரொசாரியோ எங்கே, கொல்லிமலையின் செம்மேடு எங்கே! ஆனால் அதே பையனிடம் சேது எஃப்.சி. என்று சொன்னால், ‘அது எந்த ஊரு சார்?’ என்பான். அவன்மேல் பிழை இல்லை. அவனிடம் யாரும் சொல்லவில்லை.

யாரும் சொல்லவே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. கல்லூரி அணிகளைப் பற்றி நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் செய்தி வரத்தான் வருகிறது. அதை ஒருமுறை கிட்ட வைத்துப் படியுங்கள். தலைப்பு: ‘கால்பந்துப் போட்டியில் கல்லூரி மாணவர்கள் சாதனை’. படத்தில் நடு நாற்காலியில் தாளாளர், இருபுறமும் செயலாளரும் முதல்வரும், ஓரத்தில் உடற்கல்வி இயக்குநர். பின்வரிசையில் நிற்கும் பதினோரு பேர். கீழே செய்தி: மண்டல அளவில் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் முதலிடம் பெற்ற மாணவர்களைத் தாளாளர் இன்னார், செயலாளர் இன்னார், முதல்வர் இன்னார், துறைத் தலைவர்கள் இன்னின்னார் வாழ்த்தினர். நாற்காலியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தலைப்பெழுத்தோடு பெயர் உண்டு. நிற்கிறவர்களுக்கு ‘மாணவர்கள்’ என்ற ஒரே பெயர். யாரோடு மோதினார்கள், எத்தனை கோல், யார் போட்டது, ஒன்றும் இருக்காது. சில நேரம் எதிரணியின் பெயர்கூட இருக்காது. யாரையும் தோற்கடிக்காமலே பெற்ற வெற்றி!

இது செய்தியாளரின் சோம்பல் இல்லை. செய்திக்குறிப்பை எழுதி அனுப்புவது கல்லூரி அலுவலகம். அலுவலகத்துக்கு எசமானர் தாளாளர். மைதானத்துக்கு ஒரு நிருபரை அனுப்ப மாவட்டப் பதிப்புக்கு ஆளும் இல்லை, பெட்ரோல் படியும் இல்லை. ஆகவே செய்தி அப்படியே அச்சேறுகிறது. விளைவு, ஊர் மனத்தில் பதிவது அணி இல்லை, நிறுவனம். ‘அந்தக் காலேஜ் நல்ல காலேஜ்’ என்று அட்மிஷன் மாதத்தில் பெற்றோர் பேசிக்கொள்ள அது போதும். ‘அந்தக் காலேஜில் ஒரு லெஃப்ட் விங்கர் இருக்கிறான், வந்து பாரு’ என்று யாரும் யாரையும் மைதானத்துக்கு இழுப்பதில்லை. பக்கத்துக் கேரளத்தில் ஓரளவு நிலைமை வேறு. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் மலப்புறத்துச் செவன்ஸ் கால்பந்துக்குக் கூட்டம் சேர்வதும், பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான அசுதோஷ் முகர்ஜி கோப்பையைக் கோழிக்கோடு பல்கலைக்கழகம் பலமுறை வென்றதும், மலையாள நாளேடுகளின் விளையாட்டுப் பக்கத்தில் ஆட்டக்காரன் பெயரோடு தோன்றுவதும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. எது முதலில் வந்தது என்று பிரிக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாட்டு இல்லாததால் விளையாட்டு செத்துவிடாது. தமிழ்நாட்டுப் பெண்கள் கைதட்டல் இல்லாமலே இரண்டு முறை தேசியக் கோப்பையை வென்றார்கள். அமெரிக்காவைப் போலப் பட்டியலும் ஒளிபரப்பும் பெருத்து, கல்லூரி என்ற சொல்லுக்கே அர்த்தம் கழன்றுபோன நிலையும் நமக்கு வேண்டாம். ஆபர்ன் பட்ட பாடு தெரிந்தும் அந்த வழியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேண்டியது தரவரிசை அல்ல, பதிவு. வன்பரணர் ஓரியைத் தமிழகத்தின் முதல் வில்லாளி என்று எண் போடவில்லை. இன்ன விலங்கு, இன்ன வரிசை, அம்பு போய் நின்ற இடம் உடும்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நிருபரின் வேலையைத்தான் செய்தார்.

ஆடி 17, 18ஆம் நாள்களில் கொல்லிமலையில் அரசு வல்வில் ஓரி விழா எடுக்கிறது. செம்மேட்டில் ஓரியின் சிலைக்கு மாலை போடுவார்கள். வில்வித்தைப் போட்டியும் உண்டு. விழாவைத் தொடங்கி வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் பெயரெல்லாம் மறுநாள் தாளில் தவறாமல் வந்துவிடும். செய்தி அனுப்பும் நண்பர்களுக்கும், குறிப்பு எழுதும் கல்லூரி உடற்கல்வி இயக்குநர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அம்பு எய்தவர் பெயரையும், அவர் ஊரையும், எத்தனை அம்பு இலக்கில் தைத்தது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். கால்பந்து என்றால் எதிரணியின் பெயரும், கோல் போட்டவர் பெயரும். இடம் போதாவிட்டால் முன்னிலை வகித்தவர்களில் இரண்டு பேரைக் குறைத்துக்கொள்ளலாம்.